ஆடிக்கு ஒரு ஆல்பம்: வேலூரின் சிறிய இசை நிறுவனம் இணையத்தில் ரசிகர்களை எப்படிச் சென்று சேரலாம்?

கேட்டவர் சத்துவாச்சாரியில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறிய இசை நிறுவனம் நடத்துகிறார். பம்பை, உடுக்கை, முகவீணை, ஆர்மோனியம் வைத்து எட்டுப் பாட்டுகளைப் பதிந்து முடித்துவிட்டார்கள். குடியாத்தம் கெங்கையம்மனுக்கு ஒன்று, வள்ளிமலை முருகனுக்குக் காவடிப் பாட்டு ஒன்று, கூத்து வாத்தியார் ஒருவர் பாடிய படுகளப் பாட்டு (பாரதக் கூத்தில் துரியோதனன் வீழும் கட்டம்) ஒன்று, பம்பை அடியோடு ராப் கலந்தது ஒன்று; மற்றவை பொதுவான அம்மன் பாட்டுகள். ஆடி முதல் வெள்ளியன்று எட்டையும் ஒரே நாளில் எல்லாத் தளங்களிலும் வெளியிட்டு, கையிலிருக்கும் ஒன்றரை லட்சத்தில் ஒரு லட்சத்தை இணைய விளம்பரத்தில் போடுவது திட்டம். இது சரிதானா, வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

இசை நிறுவனங்களின் பாட்டுகளை இணையத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தேதியும் தவறு, பணம் போகிற இடமும் தவறு.

முதலில் தேதி. ஆடி, ஜூலை 17ஐ ஒட்டிப் பிறக்கிறது. முதல் வெள்ளி வருவதற்குள் நம் பக்கத்து மைக் செட்காரர்கள் அனைவரும் தங்கள் பென்டிரைவை நிரப்பி முடித்திருப்பார்கள். பிறகு அந்த மாதம் முழுவதும் கூழ் வார்க்கும் ஊரெல்லாம் அதே பாட்டுகள்தான் ஒலிக்கும். நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்க்க அவர்களுக்கு நேரமும் இருக்காது, மனமும் இருக்காது. ஆடி வெள்ளியன்று வெளியாகும் அம்மன் பாட்டு, அந்த ஆண்டைப் பொறுத்தவரை தாமதமாக வந்த பாட்டு. அதே நாளில் பெரிய நிறுவனங்களும் தங்கள் பழைய அம்மன் பாட்டுத் தொகுப்புகளைப் புது அட்டை போட்டு மறுபடியும் ஏற்றுவார்கள். அந்தக் கூட்டத்தில் புதியவர் குரல் எடுபடாது.

இன்னொன்று, எட்டுப் பாட்டையும் ஒரே நாளில் கொடுப்பது. தளங்களின் இயல்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வெளியீடும் ஒரு வாய்ப்பு. எட்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். முதல் பாட்டு மட்டும் கேட்கப்படும், ஏழாவதும் எட்டாவதும் அநாதையாகக் கிடக்கும். மூன்று பாட்டுகளைத் தனித்தனியாக முன்கூட்டியே விட்டு, பிறகு ஆல்பத்தை விடுங்கள். அப்படிச் செய்யும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு. தனிப்பாட்டுக்குக் கொடுத்த குறியீட்டையே ஆல்பத்திலும் அதே பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஒலிக்கோப்பும் பெயரும்கூட அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஏற்கெனவே சேர்ந்த கேட்பு எண்ணிக்கை ஆல்பத்திலும் தொடரும். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டால் புதுக் குறியீடு விழுந்துவிடும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

எந்தப் பாட்டு முதலில்? உங்கள் ஆல்பத்திலேயே நாள்காட்டி இருக்கிறது. அம்மன் தலையை ஊர்வலமாக எடுத்துவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ஆண்டுதோறும் வைகாசி 1ஆம் தேதி, அதாவது மே நடுவில். அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பாகக் கெங்கையம்மன் பாட்டு வெளியில் இருக்க வேண்டும். படுகளப் பாட்டும் அந்தப் பருவத்துக்கே உரியது. பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது; கடைசி நாள் காலையில் களிமண் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், மாலையில் தீமிதி. அந்தக் காலை நேரத்தில் ஊரே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காவடிப் பாட்டை ஆனியில் விட்டால் ஆடிக் கிருத்திகைக்குள் வள்ளிமலை, இரத்தினகிரி, திருத்தணி போகிறவர்களின் காதில் ஏறிவிடும். முழு ஆல்பம் ஆனிக் கடைசி வாரத்தில், மைக் செட்காரர் பென்டிரைவைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்பும் நேரத்தில் வரட்டும். இந்த ஆண்டுக்கு ஏற்கெனவே நேரம் கடந்திருந்தால் அவசரப்பட்டு அரைகுறையாக விடாமல், காவடிப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். கெங்கையம்மனை அடுத்த வைகாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தேதிக்கும் நான்கு வாரம் முன்பாகவே கோப்புகளை விநியோக நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. ஸ்பாட்டிஃபையில் தொகுப்பாசிரியர்களின் பட்டியலுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வேண்டுமானால், அது வெளியாகும் முன் கலைஞர் பக்கத்துக்குள் போய் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது ஏழு நாள் முன்னதாக விண்ணப்பித்தால், உங்கள் கலைஞரைப் பின்தொடர்பவர்களின் வாராந்தரப் புதுப்பாட்டுப் பட்டியலில் அது சேரும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் பரிந்துரைக்க முடியும். தனிப்பாட்டுகளாக விடுவதற்கு இது இன்னொரு காரணம். ஆனால் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்ததே 2019இல்தான். பம்பைப் பாட்டுக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை. ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாவிட்டால் அங்கே அதற்குப் பணமும் கிடையாது. விண்ணப்பிப்பது இலவசம் என்பதால் செய்யுங்கள். அதற்கு மேல் அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். ராப் கலந்த பாட்டு மட்டும் விதிவிலக்கு. அரக்கோணத்திலிருந்து போன ராப் பாடகர் அறிவு போன்றவர்களைத் தேடிக் கேட்கும் கூட்டம் அங்கே இருக்கிறது. அந்தப் பாட்டை அம்மன் பாட்டுகளோடு ஒரே வரிசையில் விளம்பரப்படுத்தினால் இரண்டு பக்கத்துக்காரர்களும் முகம் சுளிப்பார்கள், தனியாகக் கொண்டுபோங்கள்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். உங்கள் ரசிகர் யார், எங்கே இருக்கிறார்?

விளம்பர நிறுவனத்திடம் கேட்டால் '18 முதல் 34 வயது, இசை ஆர்வம்' என்று ஒரு கட்டம் போட்டுத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு விஐடி மாணவர்களைத் துரத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலூரில் இருக்கிறார்கள் என்பதற்காக அவர்கள் வேலூரின் ரசிகர்களாகிவிட மாட்டார்கள். உங்கள் பாட்டைக் கேட்கப்போகிறவர் குடியாத்தத்தில் பீடி சுற்றிக்கொண்டே கைப்பேசியில் பாட்டு ஓடவிடும் பெண். ஆரணியில் தறியில் உட்கார்ந்திருப்பவர். ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்கு வேனில் போகிறவர். பெங்களூரில் கட்டட வேலையிலும் கம்பெனியிலும் இருந்துகொண்டு ஆடிக்கு மட்டும் காட்பாடியில் வந்து இறங்குகிறவர். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டையிலிருந்து போய் எல்லையில் நிற்கும் ஜவான். ஊரை விட்டுத் தள்ளி இருப்பவர் ஊர்ச் சாமி பாட்டை அதிகம் தேடுகிறார். இரவு முழுக்க நடக்கும் கூத்தை நேரலையில் காட்டும் கிராமத்து யூடியூப் சேனல்களின் கருத்துப் பகுதியைப் படித்துப் பாருங்கள், புரியும்.

எல்லைக்கு அப்பாலும் ஒரு கூட்டம் இருக்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அதன் பல தாலுகாக்கள் வட ஆர்க்காட்டில்தான் இருந்தன. கெங்கையம்மன் அங்கே கங்கம்மா. திருப்பதியிலும் குப்பத்திலும் அவளுக்கு ஜாத்திரை நடக்கிறது. தமிழ் பேசும் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. உங்கள் கெங்கையம்மன் பாட்டின் விளக்கக் குறிப்பில் நான்கு வரி தெலுங்கிலும் எழுதிப் போடுங்கள். செலவில்லாத வேலை.

இவர்கள் அனைவரையும் விளம்பரம் கொடுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. இவர்களை ஏற்கெனவே ஒன்றுசேர்த்து வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்: மைக் செட்காரர், கூத்து ஜமா என்னும் தெருக்கூத்துக் குழு, பம்பைக் குழு, கிராமத்துச் சேனல் நடத்தும் இளைஞர், வாரந்தோறும் கோயிலில் கூடிப் பாடும் பெண்கள் மன்றம். உங்கள் ஒரு லட்சத்தில் பெரும்பகுதி இவர்கள் கைக்கு எதையாவது கொடுப்பதற்குப் போக வேண்டும். நான் சொல்வது லஞ்சமோ அன்பளிப்போ இல்லை. அவர்களுக்குப் பயன்படும் பொருள்.

மைக் செட்காரருக்கு என்ன பயன்படும்? வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறித் தேய்ந்த கோப்புக்குப் பதிலாக, குழாய் ஸ்பீக்கருக்கு ஏற்றபடி தனியாகக் கலவை செய்த நல்ல தரக் கோப்பு. குழாயில் அடித்தொனி வராது. பம்பையின் நடுத்தொனியும் குரலும்தான் வெளியே வரும். ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்கென்று ஒரு பிரதி செய்யச் சொல்லுங்கள். அதைப் பென்டிரைவில் போட்டு, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கு மாவட்டங்களிலும் உள்ள மைக் செட் கடைகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே கடைச் சுவரில் ஒட்ட க்யூஆர் குறியீடு உள்ள சுவரொட்டி ஒன்று. இலவசமாகக் கொடுத்தால் வருமானம் போகாதா என்றால், போகாது. கோயில் சடங்கில் ஒலிபரப்புவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே விலக்கு அளித்திருக்கிறது. கல்யாண ஊர்வலமும் அந்த விலக்குக்குள் வருகிறது. அந்த இடங்களில் உங்களுக்கு எப்போதும் பணம் வரப்போவதில்லை. ஆனால் அங்கே பாட்டு ஒலிக்கும்போது யாரோ ஒருவர் கைப்பேசியை நீட்டி, 'இது என்ன பாட்டு' என்று, ஒலியைக் கேட்டுப் பாட்டைக் கண்டுபிடிக்கும் ஷாஸாம் செயலியிடம் கேட்பார். விநியோக நிறுவனம் ஷாஸாமுக்குப் பாட்டை முன்கூட்டியே அனுப்பியிருந்தால்தான் விடை கிடைக்கும். படிவத்தில் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று இன்றே பாருங்கள். பாட்டின் முதல் அடியிலேயே ஊர்ப் பெயரும் சாமி பெயரும் வந்தால் இன்னும் நல்லது. ஷாஸாம் தெரியாதவர் அதைத்தான் தேடல் பெட்டியில் தட்டுவார்.

தட்டுவது என்றதும் எழுத்துக்கூட்டல் ஞாபகம் வருகிறது. தமிழ்ப் பாட்டை நம்மில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறோம். கெங்கையம்மனை ஒருவர் 'ஜி'யில் தொடங்குவார், இன்னொருவர் 'கே'யில். வழக்கில் அதிகம் இருக்கும் வடிவத்தைத் தலைப்புக்கு எடுத்துக்கொண்டு, எல்லாத் தளங்களிலும் அதையே பயன்படுத்துங்கள். மற்ற வடிவங்களும் தமிழ் எழுத்தும் விளக்கக் குறிப்பில் வரட்டும். பாடியவர் பெயரை ஒரு பாட்டில் தலைப்பெழுத்தோடும் இன்னொன்றில் இல்லாமலும் எழுதினால், தளம் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். பிறகு சேர்க்க மடல் மேல் மடல் எழுத வேண்டும்.

மன்றத்துப் பெண்களுக்குத் தேவை பாட்டு வரிகள். பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்த எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்று, அதையே பிடிஎஃப் கோப்பாகவும். கூடவே குரல் இல்லாத இசைத் தடம். இதை நிறுவனங்கள் ஏன் பூட்டி வைத்திருக்கின்றன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தானே பாடிப் பார்த்த பாட்டை மனிதர் மறப்பதில்லை. பள்ளி ஆண்டுவிழா, கோயில் மேடை, வீட்டுக் கொலு என்று அந்தத் தடம் எங்கே போனாலும், பாடியவர் அதைப் படம் பிடித்து ஏற்றுவார். ஏற்றும்போது உங்கள் பாட்டின் பெயரைத்தான் எழுதுவார்.

கிராமத்துச் சேனல்களிடம் பேசும்போது ஒரு விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை, இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். விநியோக நிறுவனம் உங்கள் பாட்டுகளை யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பில் சேர்க்கலாமா என்று கேட்கும். சேர்த்துவிட்டால், உங்கள் ஒலிப்பதிவு எந்த வீடியோவில் வந்தாலும் கணினி தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடியோவை முடக்குவது, விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வது, வெறுமனே கண்காணிப்பது என மூன்று வழிகள் அதில் உண்டு. முடக்குவதைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் பாட்டுக்குச் சாமி ஆடிய பாட்டியின் வீடியோ காணாமல் போகும். பேரன் ஊரெல்லாம் திட்டுவான். முடக்க வேண்டாம். பம்பைக் குழு, கூத்து ஜமா, உங்களுக்கு உதவும் சேனல்கள் ஆகியோரின் பெயர்களைக் கொடுத்து அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சொந்தப் பாட்டைச் சொந்தச் சேனலில் போட்டுவிட்டு உரிமை கோரல் வாங்கிய கலைஞர், அந்த நிறுவனத்துக்காக மறுபடியும் வாய் திறப்பாரா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எவருக்கும் பொதுவாகக் கிடைக்கும் இசைத் துணுக்குகளை வாங்கிப் பாட்டில் சேர்த்திருந்தால், அந்தப் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்கவே கூடாது. அதே துணுக்கைப் பயன்படுத்திய அந்நியர்மீதும் உரிமை கோரல் பாயும். உங்கள் கணக்குக்கே ஆபத்து. ராப் பாட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இசையமைத்தவரிடம் கேளுங்கள். மாரியம்மன் தாலாட்டு போன்ற வழிவழிப் பாடல் வரிகள் எவருக்கும் சொந்தமில்லை, ஆனால் அவற்றை இன்னொருவர் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு அவருக்குச் சொந்தம், உங்களுடையது உங்களுக்கு. கூத்து வாத்தியார் பாடியது அவர் குருவிடமிருந்து வந்த பாட்டா, அவரே கட்டியதா என்பதை எழுதி வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. அவர்களை, ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். விளம்பரம் பற்றிக் கேட்டதற்கு ஒப்பந்தம் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். பாட்டைப் பரப்பப்போகிறவர்களில் முதல் ஆள் அதைப் பாடியவர்தான். அவருக்கு மனக்குறை இருந்தால் எந்த விளம்பரமும் அதை ஈடு செய்யாது.

யூடியூபில் என்ன செய்வது? ஆல்பம் முழுவதையும் ஒரே நீண்ட வீடியோவாக, ஜூக்பாக்ஸாக, கட்டாயம் போடுங்கள். கை வேலையில் இருப்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் விரல் நீட்ட மாட்டார். விளக்கக் குறிப்பில் பாட்டுகளின் நேரத்தை எழுதும்போது முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்களாவது இருந்தால்தான் வீடியோ பகுதி பகுதியாகப் பிரிந்து தெரியும். தனிப்பாட்டுகளுக்கு, அறிவித்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் பிரீமியர் முறையைப் பயன்படுத்துங்கள். நினைவூட்டலை அழுத்தி வைத்தவர்களுக்கு அறிவிப்புப் போகும், ஓடும்போது பாடியவரே உட்கார்ந்து கருத்துகளுக்குப் பதில் எழுதலாம். வெள்ளி காலை ஆறு மணி நல்ல நேரம். நகரத்துப் பாப் பாட்டுக்காரர்கள் சொல்லும் மாலை நேரம் அம்மன் பாட்டுக்கு ஒத்துவராது.

வெளியீட்டுக்கு முன்பான முன்னோட்டத்தைப் பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். சுவரொட்டி ஒன்று, அசையும் சுவரொட்டி ஒன்று, தேதி அறிவிப்புக்கு ஒன்று என்று வெறும் அட்டைகளாகவே போட்டுத் தள்ளுவார்கள்; பாட்டு மட்டும் கேட்காது. நம் தெருக்கூத்தில் வேஷக்காரர் முதலில் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுகிறார். முகம் தெரியாது, குரல் தெரியும். யார் வரப்போகிறார் என்று கூட்டம் கழுத்தை நீட்டும். முன்னோட்டம் அப்படி இருக்க வேண்டும். பம்பைக்காரர் வெண்கலப் பம்பையையும் மரப் பம்பையையும் சேர்த்துக் கட்டிச் சுருதி பார்க்கும் அரை நிமிடம். வாத்தியார் ஒரு வரியைப் பாடிவிட்டு, அது எந்த இடத்தில் வரும் என்று சொல்வது. ஒலிப்பதிவுக் கூடத்தில் உடுக்கையின் ஒலி மைக்கைக் கிழித்து எல்லோரும் சிரித்தது. இவை உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும்; தேடிப் பாருங்கள்.

இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை இரண்டு குறிப்புகள் போதும். ரீல்ஸுக்கு எந்த இடத்திலிருந்து பாட்டு தொடங்க வேண்டும் என்று விநியோகப் படிவத்திலேயே குறிக்கும் வசதி இருந்தால், முகவீணை முன்னிசையைத் தவிர்த்துப் பம்பை அடி ஏறும் இடத்தைக் குறியுங்கள். கடை, நிறுவனம் என்று வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்ஸ்டாகிராமின் பாட்டு நூலகம் முழுமையாகத் திறக்காது. ஆகவே ஆம்பூர் பிரியாணிக் கடைக்காரர் உங்கள் பாட்டில் ரீல் போடுவதாகச் சொன்னால், அவருக்கு நீங்களே வீடியோ செய்து கூட்டுப் பதிவாகப் போடுங்கள்.

காலர் டியூன் என்பதைப் பழைய சரக்கு என்று ஒதுக்காதீர்கள். ஆடி மாதம் முழுக்க நம் ஊரில் யாருக்குப் போன் செய்தாலும் அம்மன் பாட்டுதான் கேட்கிறது. ஜியோவிலும் ஏர்டெலிலும் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். விநியோக நிறுவனம் அந்தச் சேவைக்கும் அனுப்புகிறதா என்று கேட்டு, அனுப்பாவிட்டால் அனுப்பும் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காக நிறுவனத்தை மாற்றுவது தகும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வாட்ஸ்அப். அதன் செயலிச் சிறப்புக்காகச் சொல்லவில்லை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அங்கே மட்டும் ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் ஒரே இரவில் அனைவரையும் இழந்தார்கள். 2024இல் இசைச் செயலிகளான ரெஸ்ஸோ இந்தியாவில் மூடியது, விங்க் மூடியது. கானா அதற்கு முன்பே கட்டணம் கட்டுபவர்களுக்கு மட்டும் என்று மாறியிருந்தது. தளம் போனாலும் உங்களிடம் தங்குவது ரசிகரின் தொலைபேசி எண் மட்டுமே. கூத்து நடக்கும் இடத்திலும், மைக் செட் கடைச் சுவரொட்டியிலும், பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையிலும் ஒரே ஒரு எண்ணைப் போட்டு, 'இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டு "அம்மன்" என்று அனுப்புங்கள், பாட்டு வரிகளும் இசைத் தடமும் வரும்' என்று எழுதுங்கள். சேமிக்கச் சொல்வதில் பொருள் உண்டு. ஒலிபரப்புப் பட்டியலில் ஒரே நேரத்தில் 256 பேருக்கு அனுப்பலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பட்டியல்களை ஊர் ஊராகப் பிரித்து வையுங்கள். குடியாத்தத்துக்காரருக்குச் சிரசு அன்றும், கலவை ஊர்க்காரருக்கு அவர் ஊர்த் தீமிதி அன்றும் செய்தி போகட்டும். மாதம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். யாரிடமிருந்தும் எண் பட்டியலை விலைக்கு வாங்காதீர்கள்; 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் ஒரு பக்கம் இருக்க, தெரியாத எண்ணிலிருந்து வரும் அம்மன் பாட்டை யாரும் திறக்க மாட்டார்கள்.

பாட்டையே கோப்பாக அனுப்பிவிடுவார்களே, கேட்பு எண்ணிக்கை விழாதே என்று வருந்துவீர்கள். அனுப்பத்தான் செய்வார்கள், தடுக்க முடியாது. அதற்குப் பதிலாக ஸ்டேட்டஸில் வைப்பதற்கு ஏற்ற அரை நிமிட வீடியோவை நீங்களே தயார் செய்து கொடுங்கள். அம்மன் அலங்காரப் படம், நல்ல ஒலி, கீழே பாட்டுப் பெயரும் எண்ணும். வெள்ளிதோறும் ஒன்று. ஆடியில் ஸ்டேட்டஸுக்கு என்ன வைப்பது என்று தேடுகிறவர் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்.

அப்படியானால் பணம் கொடுத்து விளம்பரமே வேண்டாமா? கொஞ்சம் வேண்டும், ஆனால் கடைசியில். முதல் இரண்டு தனிப்பாட்டுகளும் வெளியாகி, எது தானாக நகர்கிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒன்றுக்கு மட்டும் போடுங்கள். பெங்களூர், ஓசூர், ஆவடி, அம்பத்தூர், சித்தூர் என்று இடங்களைக் குறித்து, தமிழில் பார்ப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். வேலூருக்குள் விளம்பரம் தேவையில்லை. அதை மைக் செட்காரர் பார்த்துக்கொள்வார். 'பத்து லட்சம் பார்வை, இவ்வளவு ரூபாய்' என்று பேசும் ஆட்களிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அந்தப் பார்வைகள் பாட்டு தொடங்கிச் சில நொடிகளில் விலகும். அதைப் பார்த்து யூடியூப், 'இந்தப் பாட்டை யாரும் முழுதாகக் கேட்பதில்லை' என்று முடிவு செய்து உண்மையான ரசிகருக்கும் காட்டாமல் விட்டுவிடும். போலிக் கேட்புக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் விநியோகஸ்தரிடமும் நிறுவனத்திடமும் அபராதமே வசூலிக்கிறது. யூடியூபரிடம் பணம் கொடுத்துப் பேசச் சொன்னால், அது விளம்பரம் என்று வீடியோவில் குறிப்பிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எது நகர்கிறது என்று எப்படித் தெரியும்? பார்வை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் எந்தெந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள், தேடிவந்து பார்த்தவர்கள் எத்தனை பேர், எந்த நொடியில் விட்டுப்போகிறார்கள் என்று மூன்றையும் பாருங்கள். கருத்துகளில் 'வரிகள் வேண்டும்' என்று கேட்பவர்களை எண்ணுங்கள். பாட விரும்புகிறவர்கள் அவர்கள்தான். நீங்கள் முதல் பாட்டு என்று நினைத்தது அமுங்கி, ஏழாவது பாட்டு மேலே வரலாம். அப்போது மனத்தாங்கல் பார்க்காமல் ஏழாவதற்கே காசையும் வீடியோவையும் மாற்றுங்கள்.

ஆடி முடிந்ததும் கடையை மூடிவிடாதீர்கள். பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கிரிவலம் நடக்கிறது, நடப்பவர் காதில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. காவடிப் பாட்டின் மெதுவான வடிவம் ஒன்றை, பம்பை இல்லாமல் முகவீணையும் குரலுமாகப் பதிந்து கார்த்திகைக்கு விடலாம். பங்குனியில் பாரதம் தொடங்கும்போது படுகளப் பாட்டு மறுபடியும் உயிர்பெறும், அதற்குப் புதிய வீடியோ ஒன்று போதும்.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தளங்களின் பணம் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வந்து சேரும். ஆடியில் கேட்ட பாட்டுக்கு ஐப்பசியில்தான் கணக்குத் தாள் வரும். இதைக் கூத்து வாத்தியாரிடமும் பம்பைக்காரரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ஆவணியிலேயே சந்தேகம் முளைக்கும். தாள் வந்ததும் அதைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பி, பங்கையும் அன்றே யூபிஐயில் போட்டுவிடுங்கள். முதல் முறை தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது; தாளில் இருக்கும் எண்ணை ஒளிக்காமல் காட்டினால் அவர்கள் அதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள்.